எரியல சார்

இந்த அறையின் மின்விசிறி லேசாக ஆடுகிறது, சார். பயப்பட வேண்டாம். ஆடுகிற விசிறியை யாராவது நிமிர்ந்து பார்த்து இறுக்கிவிடுவார்கள். ஆடாமல் சுற்றுகிற விசிறிதான் தலையில் விழும் என்று மாஸ்டர் சொல்வார். மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு விஷயம். நாலும் அவர் சொன்னதுதான்.

நீங்கள் கேட்டதற்கே வருகிறேன். என் பையிலிருந்து எடுத்தீர்களே, அந்த மஞ்சள் பிடி டெஸ்டர், அது அவருடையதுதான். பிடியில் பல் தடம் இருக்கும், பாருங்கள். இரண்டு கையும் வேலையாக இருக்கும்போது வாயில் கவ்விக்கொள்வார். அது என் பைக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்ன மாதிரிதான். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் நான் ஏதோ கெட்டவன் போலத் தெரியும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

எங்கள் குடும்பம் முழுக்க வியாபாரிகள். பெரியப்பா பாத்திரம், சித்தப்பா பெயின்ட், அப்பா துணி. அப்பா யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. விலையைக் குறைக்கச் சொன்னால் சிரித்துக்கொண்டே குறைப்பார். பிறகு அளக்கும்போது அவர் கட்டைவிரல் கொஞ்சம் உள்ளே போகும். வாங்கியவருக்கும் சந்தோஷம், விற்றவருக்கும் சந்தோஷம். சட்டை கொஞ்சம் இறுக்கமாக வரும், அதைத் தையல்காரர் தலையில் போட்டுவிடலாம். நான் துணிக்குப் பதிலாகப் படிப்பை விற்றேன். வேறு வித்தியாசம் எதுவும் இல்லை.

டயர் கடைக்கு மேல் மாடியில் நான் ஆரம்பித்தது வயரிங் பயிற்சிப் பள்ளி. எங்கள் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அரசாங்கத்தில் உரிமம் கொடுப்பார்கள். உரிமம் இருந்தால்தான் ஒருவர் அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தொடலாம். ஆரம்பத்தில் படிப்பு இரண்டு வருஷம். சொல்லிக்கொடுக்க மாஸ்டரைப் பிடித்து வந்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்து வெளியே வந்தவர். யார் எதைக் கேட்டாலும் முதலில் "எர்த் கொடுத்தியா?" என்பார். ஒருவன் தனக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று சாக்லேட் நீட்டியபோதும் அதே கேள்வியைக் கேட்டதாகப் பையன்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் அவருக்குப் பெயரே எர்த் மாஸ்டர்.

அவரை எனக்குப் பிடிக்கும், சார். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சுவரோடு பெரிய இரும்புச் சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் மரப்பலகை பொருத்தி, ஸ்விட்ச், பிளக், ஃபியூஸ், மீட்டர் எல்லாம் மாட்டியிருந்தார். பயிற்சிப் பலகை. அதில் உண்மையான கரண்ட் ஓடியது. மாணவர்கள் வியர்த்துக்கொண்டே வேலை பழகினார்கள். முதல் பாடமே டெஸ்டர்தான், கரண்ட் இருந்தால் பிடிக்குள் குட்டி பல்பு எரியுமே, அது. கரண்ட் இருப்பதாகத் தெரிந்த ஒரு பிளக்கில் முதலில் டெஸ்டரை வைத்து எரியவிட்டுப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி பழைய பிளக்குக்கே வந்து, டெஸ்டர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கை. "டெஸ்டர் பொய் சொல்லாதுன்னு உனக்கு யார் சொன்னா? அதையும் டெஸ்ட் பண்ணுடா" என்பார்.

ஒருநாள் ஒரு பையனுக்கு ஷாக் அடித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நாற்காலியோடு விழுந்தான். ஆனால் அவன் அப்பா, மாமா, மாமாவுடைய மைத்துனர் என்று ஒரு கூட்டமே மாடி ஏறி வந்து கத்தியது. கீழே டயர் கடைக்காரர் கடையை மூடிவிட்டு வேடிக்கை பார்க்க மேலே வந்தார். அன்றே என் அறையில் இருந்த ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். பலகைக்குப் போகிற கரண்ட் அதோடு நின்றது.

மாஸ்டர் வந்து நின்றார். "முதலாளி, கரண்ட் இல்லாத பலகையில கரண்ட் வேலை எப்படிச் சொல்லித் தர்றது?"

"சைக்கிள் கத்துக்கும்போது ஸ்டாண்ட் போட்டுத்தானே மாஸ்டர் பெடல் மிதிக்கிறோம்?"

"ஸ்டாண்ட் போட்ட சைக்கிள்ல எவனும் ஊருக்குப் போனதில்லை."

அன்றைக்கு இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் இரும்புச் சட்டத்திலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற கம்பி, அவர் கொடுத்திருந்த எர்த், அதை மட்டும் விடவில்லை. கரண்டே இல்லாத பலகைக்கு எதற்கு எர்த் என்று பையன்கள் கேலி செய்தார்கள். அவர் பாட்டுக்கு அந்தக் கம்பியைத் தேய்த்து, இறுக்கி, பளபளவென்று வைத்திருந்தார்.

பிறகு எதிர்ச் சாரியில் ஒருவன் பள்ளி திறந்தான். ஒரே வருஷத்தில் சான்றிதழ் என்று போர்டு மாட்டினான். நான் ஆறு மாதம் என்றேன். அவன் மூன்று மாதம் என்றான். நானும் அவனும் சண்டை போட்டுக்கொண்டோம் என்று நினைக்காதீர்கள், கல்யாணவீட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவோம். காலத்தைக் குறைத்தது நாங்கள் இல்லை, சார், வந்தவர்கள்தான். "சீக்கிரம் முடியுமாண்ணே?" என்பதைத் தவிர ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. என்ன சொல்லித் தருவீர்கள் என்று என்னை இதுவரை கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

காலம் குறைந்தால் பாடம் குறைய வேண்டும். கணக்கு முதலில் போனது, யாரும் அழவில்லை. மோட்டார் போனது. ஷாக் அடித்தவரை எப்படிப் பிரித்து எடுப்பது, நெஞ்சை எப்படி அமுக்குவது என்று ஒரு பாடம் இருந்தது. தரையில் படுத்து எழுந்தால் சட்டை அழுக்காகிறது என்று மாணவர்களே குறைபட்டார்கள், அதையும் நீக்கிவிட்டேன். கடைசியில் டெஸ்டர் பாடம் மிஞ்சியது. அதில் மூன்று படி இருந்ததே, ஒன்றாக்கினேன். டெஸ்டரை வை, எரியவில்லையா, தொடு.

மாஸ்டர் இதையும் அப்படியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அவருக்கு வீட்டில் ஒரு கல்யாணச் செலவு இருந்தது. நான் அதைச் சொல்லிக்காட்டவே இல்லை. எப்போது கல்யாணம் என்று மட்டும் அன்போடு விசாரித்தேன்.

உரிமம் கொடுக்கிற அலுவலகமும் எங்களோடு ஒத்துழைத்தது. முன்பெல்லாம் தேர்வு அதிகாரி வந்து ஒவ்வொருவர் கையிலும் வேலை கொடுத்துப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டரில் சரியான விடைக்கு நேரே புள்ளி வைத்தால் போதும் என்றார்கள். புள்ளி வைக்கத் தெரியாதவர்களுக்கும் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம்.

இந்த நேரத்தில்தான் டெஸ்டர் வாங்கப் போனேன். சான்றிதழோடு பள்ளியின் பெயர் அச்சடித்த டெஸ்டர் ஒன்று இனாம் என்று அறிவித்திருந்தேன். மொத்தக் கடைக்காரர் நம்ம ஆள். இரண்டு பெட்டியைத் திறந்து வைத்தார்.

"இது நல்லது. இது சுமார்."

"சுமாருக்கு என்ன குறை?"

"உள்ள பல்பு இல்லண்ணே. கம்பெனியில கழிச்சது."

"ஸ்க்ரூ திருகுமா?"

"அதெல்லாம் சூப்பரா திருகும்."

"அப்புறம் அது ஸ்க்ரூ டிரைவர்தானே? டெஸ்டர் விலை எதுக்குச் சொல்ற?"

அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்கப்பாவைப் பார்த்த மாதிரியே இருக்குண்ணே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சார். அவ்வளவையும் வாங்கிவிட்டேன்.

யோசித்துப் பாருங்கள், எங்கள் பலகையில் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாத இடத்தில் நல்ல டெஸ்டரும் எரியாது, பல்பு இல்லாத டெஸ்டரும் எரியாது. வித்தியாசமே தெரியாத இடத்தில் நல்லதை வாங்குபவனை எங்கள் வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வகுப்பில் மாஸ்டர் தன் மஞ்சள் டெஸ்டரை வைப்பார், "எரியுதா?" என்பார். எல்லாரும் சேர்ந்து "எரியல சார்!" என்பார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து இனாம் டெஸ்டரை வைத்து "எரியல சார்" சொல்லிவிட்டுப் போவார்கள். டெஸ்டர் எரிந்து ஒருநாளும் பார்க்காதவர்கள் அவர்கள். எரியாமல் இருப்பதுதான் அதன் வேலை என்றே பாதிப் பேர் நினைத்திருப்பார்கள்.

அந்த வகுப்பில் கத்திரி என்று ஒருவர் இருந்தார். சலூன் வைத்திருந்தவர், நாற்பதை நெருங்கிய ஆள். தொழில் படுத்துவிட்டது என்று இதற்கு வந்தார். வயரின் மேல்தோலை மழிக்கிற மாதிரி அவ்வளவு நறுவிசாகச் சீவுவார். "எரியல சார்" என்று எல்லாரையும் விட உரக்கச் சொல்பவரும் அவர்தான். வேலையில் பக்தி. ஒரு நாள் அவர் மாஸ்டரிடம், "இது எப்போதான் சார் எரியும்?" என்று கேட்டுவிட்டார்.

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முதலாளி, அடுத்த வாரம் ஆய்வுக்கு அதிகாரி வர்றார். அவர் கேட்டா நான் உள்ளதைச் சொல்லிடுவேன்."

"என்ன உள்ளது?"

"இங்க இருந்து போனவன் ஒருத்தனுக்கும் ஒண்ணும் தெரியாது. பலகைக்குக் கரண்ட் கொடுங்க. பழைய பாடத்தைத் திரும்ப வைங்க. இல்லன்னா நானே சொல்லிடுறேன்."

"கல்யாணம் முடிஞ்சதும் தைரியம் வந்துடுச்சு போல."

"ஆமா, முடிஞ்சுடுச்சு" என்றார். அதைச் சொன்ன விதத்தில் அவமானமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. பேரம் பேச முடியாத ஆள் எப்படி இருப்பான் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அவனுக்குத் தேவை என்று எதுவும் இருக்காது.

என் நிலைமையைப் பாருங்கள், சார். அதிகாரியிடம் அவர் சொன்னால் பள்ளி மூடப்படும். சொல்லாமலிருக்க வேண்டும் என்றால் பலகைக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முதல் நாளே பல்பு இல்லாத டெஸ்டர்கள் வெளியே தெரிந்துவிடும். அப்போதும் பள்ளி மூடப்படும். அங்கே சமையல் செய்கிற அம்மாவிலிருந்து கணக்கர் வரை எத்தனை பேர் பிழைப்பு. அவர்களை நினைத்துத்தான் தூக்கமே வரவில்லை.

"நீங்க கேட்டபடியே கரண்ட் கொடுக்கிறேன், மாஸ்டர்" என்றேன். "ஆய்வு முடியட்டும்."

"ஆய்வுக்கு முன்னாலயே" என்றார்.

அவர் கேட்டதை அவர் கேட்ட நேரத்தில் கொடுத்தேன். இதில் நான் வாக்குத் தவறவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் காலையில் ஒத்திகை வைத்தேன். எல்லாருக்கும் புதுச் சட்டை. மாஸ்டருக்கும் ஒன்று கொடுத்தேன், மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டார். அவர் சட்டைப் பையில் மஞ்சள் டெஸ்டர் நீட்டிக்கொண்டிருந்தது. நானே கையை விட்டு எடுத்தேன்.

"நாளைக்குப் போட்டோ எடுப்பாங்க மாஸ்டர். நம்ம பேர் போட்டதைப் பிடிங்க."

"பல்லு பட்டதெல்லாம் போட்டோவுல தெரியப்போகுதா?" என்றார்.

"உங்க பல்லு தெரியற மாதிரி சிரிங்க, அது போதும்."

பையன்கள் சிரித்தார்கள். அவரும் இனாம் டெஸ்டரை வாங்கிக்கொண்டார். முதலில் மாஸ்டர் செய்து காட்டட்டும், பிறகுதான் மற்றவர்கள் தொட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன். மாணவர்கள் பாதுகாப்பில் நான் எப்போதும் கவனமாகத்தான் இருந்திருக்கிறேன்.

இழுப்பறையில் ஸ்டேப்ளருக்கு அடியில் அந்த ஃபியூஸ் கேரியர் இருந்தது. எடுத்து அதன் இடத்தில் அழுத்தினேன். அந்தப் பள்ளியில் நான் என் கையால் செய்த ஒரே மின்வேலை அதுதான். தகுதியில்லாதவன் செய்துவிட்டான் என்று சொல்லிவிடாதீர்கள், என்னிடமும் எங்கள் பள்ளிச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது.

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. பார்த்தேன். அவர் அந்த மூன்று படியையும் செய்வார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. என் அறை வாசலிலேயே தண்ணீர் இயந்திரத்துக்கு ஒரு பிளக் இருக்கிறது, அதில் எப்போதும் கரண்ட் உண்டு. நாலு எட்டு வைத்து வந்து டெஸ்டரை அதில் ஒருமுறை வைத்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். பழைய மாஸ்டராக இருந்தால் வந்திருப்பார். ஆனால் இத்தனை வருஷமாக உயிரில்லாத பலகையில் ஒற்றைப் படிப் பாடத்தைச் சொல்லிச் சொல்லி அவர் கையும் அதையே படித்துவிட்டது. நான் சுருக்கிய பாடத்தை எங்கள் பள்ளியில் முழுமையாகக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

டெஸ்டரை வைத்தார். வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "எரியுதா?"

"எரியல சார்!"

வலது கையால் கம்பியின் முனையைப் பிடித்தார். இடது கை வழக்கம்போல இரும்புச் சட்டத்தின் மேல் இருந்தது. அந்தப் பலகையில் பழுதே இல்லாத ஒரு பாகம் அவர் கொடுத்த எர்த். கரண்ட் அவர் வழியாகவே மண்ணுக்கு இறங்கியது.

கொஞ்ச நேரம் பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷாக் அடித்த மாதிரி அவர் முன்பு நடித்துக் காட்டியதுண்டு. பிறகு சிரிப்பு நின்றது. என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை, அந்தப் பாடத்தைத்தான் நீக்கியாகிவிட்டதே. ஒருவன் அவரைப் பிடித்து இழுக்கப் போனான், கத்திரி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். "சார், மெயினை அணைங்க சார்!" என்று என் அறையைப் பார்த்துக் கத்தினார்.

நான் எழுந்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடினேன், மேசை மேலேயே இருந்தது, போட்டுக்கொண்டேன். சம்பவம் நடக்கும்போது நான் ஓடியதாக யாரும் சொல்லக்கூடாது என்று ஒரு எண்ணம். ஓடுகிறவன்தான் ஏதோ தெரிந்தவன் மாதிரி இருப்பான். பிறகு ஃபியூஸைப் பிடுங்கினேன். அவர் புதுச் சட்டையோடு தரையில் சரிந்தார்.

அடுத்த நாள் ஆய்வு நடக்கவில்லை. அதிகாரி பெரிய மாலையோடு வந்தார். ரொம்பவும் வருத்தப்பட்டார். இந்தச் சூழ்நிலையில் உங்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று, பார்க்காமலேயே எங்கள் அங்கீகாரத்தைப் புதுப்பித்துக் கொடுத்தார். மனிதாபிமானம் இன்னும் செத்துவிடவில்லை, சார்.

மாஸ்டர் சம்சாரம் ஒருநாள் பள்ளிக்கு வந்தது. அழவில்லை. பலகைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது.

"அவர் டெஸ்டர் வைக்காம வீட்டுல மிக்ஸியைக்கூடத் தொட மாட்டாரேண்ணே" என்றது.

"வயசாச்சேம்மா. கவனம் தப்பியிருக்கும்."

"அந்த மஞ்ச டெஸ்டரை மட்டும் கொடுத்துடுங்க. அவர் சாமான்ல அது ஒண்ணுதான் வரல."

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். அப்போது அது என் பையில்தான் இருந்தது. கொடுத்திருக்கலாம். கொடுத்தால், அன்றைக்கு அவர் கையில் இருந்தது எது என்று கேட்கும். தூக்கி எறிந்துமிருக்கலாம். ஆனால் அது நல்ல டெஸ்டர், சார், எரிகிற டெஸ்டர். நல்ல சாமானைத் தூக்கி எறிய எனக்குக் கை வராது. அந்த அம்மா உங்களிடம் வந்து சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் என் பையைத் திறந்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, அதன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆக, கேட்டதற்குப் பதில்: ஆம். ஃபியூஸை மாட்டியது நான். டெஸ்டரை மாற்றிக் கொடுத்தது நான். அது எரியாது என்று தெரிந்துதான் கொடுத்தேன். இதை நான் மறுக்கப்போவதில்லை. நான் கொன்றது ஒரே ஒருவரை. அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

அந்த இனாம் டெஸ்டர்கள் எத்தனை பேர் சட்டைப் பையில் இருக்கின்றன என்று இப்போது கேட்கிறீர்கள். அதை ஏன் இதோடு சேர்க்கிறீர்கள் என்று புரியவில்லை. அவர்கள் படித்து முடித்துப் போனவர்கள். அவர்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவித்தால் சான்றிதழின் மதிப்பு என்ன ஆவது? கஷ்டப்பட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூடக் குறை சொல்லி இதுவரை என்னிடம் வந்ததில்லை.

இன்று காலையில்கூடக் கத்திரி போன் செய்தார். உங்கள் ஆட்கள் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். ஏதோ பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைக் கழற்ற நிற்பதாகச் சொன்னார். முழங்கால் அளவு தண்ணீராம்.

"சார், டெஸ்டர் வச்சுப் பார்த்தேன், எரியல. ஆனா மோட்டார் லேசா உறுமுற மாதிரி சத்தம் கேக்குது. தொடலாமா சார்?"

"எரியலன்னா என்ன அர்த்தம்னு படிச்சீங்க?"

"கரண்ட் இல்லன்னு சார்."

"அப்புறம் என்ன?"

"சரி சார். மாஸ்டர் இல்லாததால உங்களைத் தொந்தரவு பண்ணிட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டால் அப்புறம் யார் சார் கூப்பிடப்போகிறார்கள்?